கால் மார்க் இல்லாத தேர்வு

சென்ற வாரம் ஒரு பழைய சான்றிதழில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்கு வந்திருந்தேன். இந்த ஜூனில் கணிதத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நால்வரும் ஆசிரியர் அறையில் காலாண்டு விடைத்தாள்களைப் பரப்பிவைத்து ஓர் அரை மதிப்பெண்ணுக்காக வாதாடிக்கொண்டிருந்தீர்கள். வழிமுறை சரி, விடை தப்பு. ஒருவர் போடலாம் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றீர்கள். என் தொண்டை அன்று ஒத்துழைக்கவில்லை. இருபத்தேழு வருடம் அறுபது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்தியதில் குரல் போய்த்தான் இரண்டு வருடம் முன்பு விருப்ப ஓய்வில் போனேன். அதனால் எழுதித் தருகிறேன். பதில் கொஞ்சம் நீளம். அரை மதிப்பெண் விஷயத்தில் நான் சொந்த வீட்டிலேயே ஒரு காரியம் செய்துவிட்டேன்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு முதன்முதலாகப் போனபோது உங்களைவிடச் சின்னவள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம், ஏப்ரல் வெயில், ஒரு மேசைக்கு ஒரு கட்டு. பத்து மதிப்பெண் கணக்கு ஒன்றை ஒரு பிள்ளை ஒன்றரைப் பக்கம் ஒழுங்காகப் போட்டு, கடைசி வரியில் குறியை மாற்றி எழுதியிருந்தது. விடை தப்புதானே என்று பூஜ்யம் போட்டேன். எங்கள் மேசைக்கு முதன்மைத் தேர்வாளராக இருந்த பெரியவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதட்டவில்லை. "டீச்சர், இந்தப் பிள்ளை பாளையங்கோட்டையில பஸ் ஏறி அம்பாசமுத்திரம் தாண்டி வந்துட்டு. பாபநாசத்துல இறங்காம விட்டுட்டுன்னு மொத்த டிக்கெட்டையும் கிழிச்சுப் போடுதியளே" என்றார். என்னையே மறுபடி திருத்தச் சொன்னார். ஒன்பது வந்தது.

அன்றிலிருந்து நான் படிநிலை மதிப்பெண்ணின் ஆள். எந்த வரியில் பிள்ளை வழி தவறியதோ அந்த வரிக்கு நேராக ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு, அதன் பக்கத்தில் அதுவரை சேர்ந்த மதிப்பெண். என் கட்டு மறுகூட்டலுக்குப் போய்த் திரும்பி வந்ததே இல்லை. எனக்கு அதில் கர்வமும் உண்டு.

இனி என் மகள் கோமதி.

அவள் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தாள். பெரிய தேசியக் கல்வி நிறுவனம் ஒன்றில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்க வேண்டும், அதற்கு மேல் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வைக் கல்லூரி இறுதியாண்டிலேயே ஒரு முறை எழுதி, நூற்றுக்கு இருபத்தேழு வாங்கி வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டினால் நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் இடம் கிடைக்கும் என்பது அவள் கணிப்பு. எனக்கு அவள் பி.எட். சேர்ந்து என்னைப் போல ஆசிரியையாகிவிட்டால் நிம்மதி. பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம். வராவிட்டால் மறு வார்த்தை பேசாமல் பி.எட். இந்த நிபந்தனையை வைத்தவள் நான்தான். அதனால் அந்த வருடம் முழுக்க அவளைவிட நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு வண்ணார்பேட்டையில். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தெருவுக்கு இரண்டு பயிற்சி மையம் உண்டு. இவள் எழுதும் தேர்வுக்கு ஒன்றுகூடக் கிடையாது. புத்தகக் கடை அண்ணாச்சி, "எம்.எஸ்ஸி. கணக்குக்குமா என்ட்ரன்ஸ் வச்சிட்டானுவ?" என்று வருத்தப்பட்டு, வங்கித் தேர்வுப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுலயும் கணக்குதான் டீச்சர் இருக்கு." ஆகவே கோமதி பழைய வினாத்தாள்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே படித்தாள். மாடியறை சன்னல் வழியே தென்காசி, ஆலங்குளம் என்று நடத்துநர்கள் கூவுவது கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சன்னலைச் சாத்தப் போனால் வேண்டாம் என்பாள், சத்தத்திலும் போட்டுப் பழக வேண்டுமாம்.

நவம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் மூன்று மணி நேரம் மாதிரித் தேர்வு. கண்காணிப்பாளர் நான், திருத்துவதும் நான். அது அவளே கேட்டது. "நானே திருத்துனா எனக்குச் சாதகமா போட்டுக்குவேன். நீ திருத்துனாதாம்மா சரியா இருக்கும்" என்றாள். எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறோம்.

இந்தத் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். சரியான விடைகள் பலவாக இருக்கும் பகுதியில் ஒன்றை விட்டாலும் முழுக் கேள்வியும் போச்சு. மூன்றாவது பகுதியில் விடையாக வரும் எண்ணை மட்டும் தட்ட வேண்டும். எங்கேயும் வழிமுறையைக் காட்ட இடமில்லை.

முதல் ஞாயிறு. கிண்ணம் போன்ற ஒரு பரப்புக்கும் அதை மூடும் தளத்துக்கும் நடுவே உள்ள கன அளவைக் கேட்டிருந்தார்கள். கோமதி தனித்தாளில் அழகாகப் போட்டிருந்தாள். எல்லைகள் சரி, தொகையிட்டது சரி. கடைசி வரியில் முன்னால் நின்ற இரண்டை மறந்து, எட்டு என்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு என்று எழுதிவிட்டாள். இரண்டு மதிப்பெண் கேள்வி. என் கை தானாக ஓரத்தில் கோடு போட்டு ஒன்றரை என்று எழுதியது. சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்ததல்ல. எழுதிய பிறகு யோசித்தேன். முதல் தேர்வுதானே, பிள்ளை சோர்ந்துவிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அன்று மொத்தம் முப்பத்தெட்டு. முதல் தாளின் மேல் அந்த எண்ணைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. என் கணவர் அம்பாசமுத்திரத்தில் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஞாயிறு ஒரு நாள்தான் நிதானமாகச் சாப்பிடுவார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். அதற்கப்புறம் நான் எப்படி நிறுத்துவது?

நான்கு சரியான விடைகளில் மூன்றைக் குறித்திருந்தால் ஒன்று. இரண்டைக் குறித்திருந்தால் அரை. கழிக்கும் மதிப்பெண்ணை நான் கழிக்கவே இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள், நம் தொழிலில் மதிப்பெண் கொடுக்காமல் இருந்திருக்கிறோமே தவிர, கொடுத்ததைப் பிடுங்கிப் பழக்கம் உண்டா? சிவப்புப் பேனா கழித்தல் குறியைப் போட மறுத்துவிட்டது. முப்பத்தெட்டு நாற்பத்து நான்காகி, பொங்கலுக்கு முந்தைய வாரம் ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. மேலே உள்ள மொத்தத்தை மட்டும் காட்டிவிட்டுத் தாள்களை நானே கட்டி வைத்துக்கொண்டேன். அலமாரிக் கதவில் அவள் ஒட்டியிருந்த வரைபடம் ஏறிக்கொண்டே போனது. பி.எட். பேச்சே வீட்டில் அடங்கிவிட்டது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் படித்த கல்லூரியில் கணினியில் ஒரு மாதிரித் தேர்வு நடந்தது. போனவள் மதியம் வந்தாள். முப்பத்தொன்று என்றாள்.

நான் உடனே கணினிமேல் பழி போட்டேன். ஏதோ கோளாறு, கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்று குதித்தேன். அவளும் அப்படித்தான் முதலில் நினைத்தாள். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் திருத்திய பதினொரு தாள்களையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பேனாவோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"எம்மா, இது என்ன ஒண்ணே கால்?"

"ஸ்டெப்பு சரியாத்தானட்டி இருந்துச்சு."

"இந்தப் பரீட்சையில கால் மார்க்கே கிடையாதும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்டெ?"

கரண்டியை எடுத்துக் கொதிக்கிற சொதியைக் கிண்டினேன்.

"பதினோரு வாரம்மா" என்றாள். "பதினோரு வாரமா நான் பாஸ்னு நினைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் பச்சை மையில் மறுபடி திருத்திய கணக்கில் ஐம்பத்தைந்து முப்பத்தாறாகியிருந்தது. முதல் தாளின் முப்பத்தெட்டு இருபத்தெட்டு. கதவிலிருந்த வரைபடத்தைக் கிழிக்கவில்லை. அதன் கீழேயே பச்சையில் இன்னொரு கோடு வரைந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் தோற்றால் அது அவள் தோல்வி ஆகாது. நான் நிபந்தனையும் வைத்துவிட்டு, அந்த நிபந்தனையை அவள் தாண்டிவிட்டதாகப் பொய்யும் சொல்லியிருக்கிறேன்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாடிக்குப் போய்ப் பேசிப்பார்த்தார். அவள் என்னைத் திட்டுவாள் என்று படியில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் குரல்தான் கேட்டது. "உங்க அம்மா எனக்கும் ஸ்டெப் மார்க் போட்டுத்தாம்மா இத்தனை வருஷம் பாஸாக்கிட்டு வாரா. இல்லேன்னா நான் கல்யாணமான வருஷமே பெயிலு." கோமதி சிரித்துவிட்டாள். சிரித்ததில் கோபம் தீர்ந்ததாக அர்த்தமில்லை. மறுநாள் காலை வரை என்னோடு பேசவில்லை.

அந்த மறுநாள் காலையைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பதறிப்போன ஆசிரியர் என்னவெல்லாம் செய்வாரோ எல்லாமே என் தலைக்குள் ஓடியது. பாடத்திட்டம் முழுவதையும் முதலிலிருந்து ஓட்டச் சொல்லலாம். தெரிந்த பேராசிரியர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லலாம். தினமும் ஒரு தேர்வு வைக்கலாம். இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கூட வைத்துவிட்டேன். நல்ல வேளை, காட்டுமுன் தரையில் கிடந்த அந்தப் பதினொரு தாள்களையும் ஒரு முறை புரட்டினேன்.

திருத்துகிறவள் ஓரத்தில் கோடு போடுவது பிள்ளை எங்கே தவறியது என்று காட்டத்தான். அந்தக் கோடுகள் அப்படியே இருந்தன. கூட்டித் தாளின் மேலே எழுதிய எண்தான் பொய். ஓரத்தில் இருந்தது எல்லாம் உண்மை. ஒரு நோட்டை எடுத்துக் கோடுகளை எண்ணினேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அதில் எழுபதுக்கு மேல் கடைசி இரண்டு வரிக்குள். குறி மாறுவது, முன்னால் நிற்கும் எண்ணை மறப்பது, குலக் கணக்கில் வரிசை இரண்டுள்ள உறுப்புகளை எண்ணும்போது எண்ணக் கூடாத சமனியையும் சேர்த்து எண்ணுவது, தனித்தாளில் சரியாகப் போட்டுவிட்டு விடைத்தாளில் மாற்றி எழுதுவது. தெரியாமல் விட்டது குறைவு. தெரியாததை ஊகித்துக் குறித்ததும் கொஞ்சம் இருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது அதுவல்ல. "பாடம் ஒண்ணும் படிக்க வேண்டாம். உனக்குக் கணக்குத் தெரியும். இறங்கத்தான் தெரியல" என்றேன்.

அவள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதை நவம்பர்லயே காட்டியிருந்தா என்னம்மா?" என்றாள். நான் மட்டுமே பார்க்க ஓரத்தில் குறித்துவிட்டு, அவள் பார்க்க மேலே மொத்தத்தை எழுதியிருந்தேன். நீங்கள் என்ன மதிப்பெண் வேண்டுமானாலும் போடுங்கள், அந்த ஓரத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் தாளைக் கொடுக்காதீர்கள்.

மூன்று வாரம் அவள் புதிதாக எதையும் படிக்கவில்லை. கணக்கைப் போடுவாள், விடை எழுதுமுன் பேனாவைக் கீழே வைப்பாள், கேட்டது என்ன என்று கேள்வியை மறுபடி வாசிப்பாள், சின்ன எண் ஒன்றைப் போட்டுச் சரிபார்ப்பாள். சந்தேகமாக இருந்தால் தொடாமல் அடுத்ததற்குப் போவாள். திருத்துவது மறுபடியும் நான்தான். வேறு ஆளை வைத்துக்கொள் என்று கெஞ்சிப் பார்த்தேன், அவள் விடவில்லை. எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கழித்தலையும் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். முதல் முறை "மைனஸ் மூணுல ரெண்டு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். "டீச்சர், ஹாலை விட்டுப் போகக் கூடாது" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அந்த வாரம் முப்பத்து மூன்று. அடுத்த வாரம் ஏறும் என்று பார்த்தால் முப்பது. மூன்றாவது முறை நாற்பத்தொன்று. இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் தூக்கம் போனது.

தேர்வு மையம் நாகர்கோவில் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி. பிள்ளைகள் உள்ளே போனதும் வேப்பமரத்தடியில் பெற்றோர் கூட்டம், அதில் நானும் என் கணவரும். கூடங்குளம் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒருவர், "உங்க பிள்ளைக்கு எவ்வளவு வரும்னு நினைக்கிய?" என்று கேட்டார். எல்லாப் பிள்ளைக்கும் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பெயர் வாங்கியவள் நான். அன்று, தெரியாது என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு முறுக்குக் கொடுத்தார்.

கோமதி வெளியே வந்தாள். "எப்படிட்டி?" என்றேன்.

"இருபத்திரண்டு கேள்வியைத் தொடவே இல்லம்மா."

மொத்தமே அறுபது கேள்வி. ஒன்றையும் விடாதே, ஏதாவது எழுதிவிட்டு வா என்றுதான் இருபத்தேழு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் மகள் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெறுமையாக விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்து வரும்வரை விடவில்லை.

இந்தத் தேர்வில் முடிவுக்கு முன்பாகவே ஒவ்வொருவரும் குறித்த விடைகளையும் விடைக்குறிப்பையும் இணையத்தில் வெளியிட்டுவிடுவார்கள். அவரவரே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கோமதி இரண்டையும் அச்செடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். தான் ஏற்கெனவே கூட்டிவிட்டதாகவும், எவ்வளவு என்று சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள். "நீ திருத்து."

காலை பத்து மணி. கணவர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கேள்வியாகப் போனேன். நான்கு சரியான விடைகளில் மூன்றைக் குறித்திருந்த கேள்வி ஒன்று வந்தது. பூஜ்யம் போட்டேன். எண்ணைத் தட்டும் பகுதியில் ஐந்து வர வேண்டிய இடத்தில் ஆறு என்று இருந்தது. அதற்கும் பூஜ்யம். மூன்று இடத்தில் கழித்தேன். சத்தமாகச் சொல்லித்தான் கழித்தேன். கூட்டினேன். கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினேன். நாற்பத்து மூன்றே மூன்றில் ஒன்று.

கோமதி தன் கையிலிருந்த சீட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். அதே எண். "சரியாத்தான் திருத்தியிருக்கெ" என்றாள். முடிவு வெளியானபோது தசமத்தில் அதே எண்ணைத்தான் போட்டிருந்தார்கள்.

முதல் சுற்று இட ஒதுக்கீட்டில் அவள் பெயர் வரவில்லை. பி.எட். விண்ணப்பத்தை அவளே எடுத்துப் பூர்த்தி செய்து மேசைமேல் வைத்தாள், உடன்பாடு உடன்பாடுதான் என்று. நான் அதைத் தொடவில்லை. இரண்டாம் சுற்றில் ஓர் இடம் வந்தது. ரயிலில் போகவே இரண்டு நாளாகும் ஊர். குறித்த நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டால்தான் இடம் நிலைக்கும். கணினியைத் திறந்து என்னை முன்னால் உட்கார வைத்தாள். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, பாடம் எல்லாவற்றையும் திரையில் விரலை வைத்து வாசித்தேன். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினேன்.

"எம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. பைய அமுக்கு" என்றாள்.

அமுக்கினேன்.